டெக்கும் டிஸ்க்கும் ஒரே பெட்டியில் – வாங்கலாமா?

மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு



அறிவியல் வளர வளர, நேற்றைய அதிசயம் இன்றைய பரண் சாமானாகி விடுகிறது. நம் காரைக்கால் வீடுகளில் பரணை ஒரு தடவை துழாவிப் பாருங்கள். பித்தளை அண்டா, பழைய தொட்டில் கட்டை, பாடாத ரேடியோ, இவற்றோடு ஒரு அட்டைப்பெட்டி நிறைய வீடியோ கேசட்டுகளும் கிடக்கும். முதுகில் பால்பாயிண்ட் பேனாவால் 'அக்கா கல்யாணம் – பார்ட் 1', 'வளைகாப்பு', 'நிக்காஹ்', 'புதுநன்மை' என்று எழுதியிருக்கும். எந்த வீடாக இருந்தாலும் பெட்டி ஒன்றுதான், எழுத்து மட்டும்தான் வேறு.

கேசட் இருக்கிறது, போட்டுப் பார்க்க டெக் இல்லை. ஒரு காலத்தில் நம் ஊர்ப் பக்கம் டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ராத்திரி முழுக்க மூணு படம் பார்த்தார்கள் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஜே.வி.சி. கம்பெனி 1976-ல் ஜப்பானில் வெளியிட்ட வி.எச்.எஸ். முறை அது. உலகிலேயே கடைசியாக அந்த டெக்கைத் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்தி விட்டது. ஆகவே இனிமேல் யார் வாங்கினாலும் பழையதுதான். பெட்டி பிரிக்காத 'புதுசு' என்று ஒருவர் விற்றாலும் அதற்குள் இருக்கும் ரப்பருக்கு வயது ஏறியிருக்கும்.

எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற நம்மைப் பார்த்தால் தெருவில் யாராவது ஒருவர், "தம்பி, இதை டிஸ்க்குல ஏத்தித் தர முடியுமா?" என்று கேட்காமல் விடுவதில்லை. என்னிடமும் கேட்டார்கள். ப்ராஜெக்ட்டாகவே எடுத்துக் கொள்ளலாமே என்று நாங்கள் மூன்று பேர் சேர்ந்து தெருத்தெருவாகக் கேசட் வாங்கினோம். அந்த வேலையில் படித்ததும் பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை. கேள்வி இதுதான்: வி.எச்.எஸ். டெக்கும் டி.வி.டி. ரெக்கார்டரும் ஒரே பெட்டிக்குள் சேர்ந்து வந்ததே, அந்த இரட்டைக் கருவியை வாங்கலாமா, கூடாதா? வாங்கினால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

முதலில் பெயரில் ஒரு எச்சரிக்கை. 'டி.வி.டி. – வி.சி.ஆர். காம்போ' என்று எழுதி விற்கப்படுகிற பழைய பெட்டிகளில் பெரும்பாலானவை டிஸ்க்கை ஓட்ட மட்டுமே செய்யும், எழுதாது. நமக்கு வேண்டியது எழுதுகிற வகை. முகப்பில் டி.வி.டி. – ஆர் அல்லது டி.வி.டி. + ஆர் என்ற அடையாளமும், 'டப்பிங்' என்று ஒரு பட்டனும் இருக்க வேண்டும். பானசோனிக், எல்.ஜி., சாம்சங், தோஷிபா ஆகியவையும், ஃபுனாய் தயாரித்து அமெரிக்காவில் மேக்னவாக்ஸ் என்ற பெயரில் விற்றதும் இந்த வகையில் உண்டு. கேசட்டை ஒரு வாயில் போட்டு, வெற்று டிஸ்க்கை இன்னொரு வாயில் வைத்து, பட்டனை அமுக்கினால் அதுபாட்டுக்கு நகல் எடுக்கும். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. நம்ம ஊர்க் கேசட்டுகளைப் போட்டதும்தான் சங்கடம் ஆரம்பம்.

ஏன் நம்ம ஊர் என்று பிரித்துச் சொல்கிறேன்? வேறு ஊரில் ஒரு தெருக் கேசட்டுகளைத் திரட்டினால் அநேகமாக எல்லாம் ஒரே ஜாதியாக இருக்கும். காரைக்கால் அப்படியில்லை. 1954 நவம்பர் 1 வரை ஃபிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல்தான் முடிந்தது. ஃபிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் இங்கே உண்டு. ஃபிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கிய சொல்தா வீடுகள் உண்டு. அவர்கள் பிள்ளைகள் பாரீசிலிருந்து கேசட் அனுப்பியிருப்பார்கள். இன்னொரு பக்கம் சவூதி, துபாய், குவைத் என்று வளைகுடாவுக்குப் போனவர்கள். சிங்கப்பூர், மலேசியாவுக்குக் கப்பல் காலத்திலிருந்தே போனவர்கள். இப்போது அமெரிக்காவிலும் ஆள் இருக்கிறது. ஆக ஒரே தெருவில் மூன்று வகைக் கேசட்டும் கிடைக்கும். வெளியே பார்த்தால் மூன்றும் ஒரே கறுப்புப் பெட்டிதான், உள்ளே பதிவு வேறு.

அந்த மூன்று முறைகளைப் பார்ப்போம். முதலாவது பால். (டீக்கடைப் பால் இல்லை, ஜெர்மனியில் வால்டர் புரூக் உருவாக்கிய கலர் முறை.) ஒரு படத்துக்கு 625 கோடுகள், விநாடிக்கு 25 படங்கள். 1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இந்தியாவுக்குக் கலர் டி.வி. வந்தபோது எடுத்துக்கொண்டது இதைத்தான். அதே ஆண்டு தொடங்கிய இலங்கை ரூபவாஹினியும் பால்தான். அதனால்தான் நம் கடற்கரை வீடுகளில் உயரமான கம்பத்தில் ஆன்டெனாவும் பூஸ்டரும் கட்டி அவர்கள் நிகழ்ச்சியை நம் டி.வி.யிலேயே கலரில் பார்க்க முடிந்தது. சிங்கப்பூர், மலேசியா, துபாய், குவைத் எல்லாம் இந்தக் கூட்டம்தான். அந்தக் கேசட்டுகளால் தொல்லை இல்லை.

இரண்டாவது என்.டி.எஸ்.சி. அமெரிக்கா, கனடா, ஜப்பான் நாடுகளில் இருந்தது. 525 கோடுகள், விநாடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். டேப் ஓடும் வேகமே வேறு: பால் டெக்கில் விநாடிக்கு 23.39 மில்லிமீட்டர், என்.டி.எஸ்.சி.யில் 33.35. பால் மட்டும் தெரிந்த டெக்கில் இதைப் போட்டால் படம் உருளும், குரல் கெடும்.

மூன்றாவது செகாம். ஃபிரான்சில் ஹென்றி தெ ஃபிரான்ஸ் என்ற பொறியாளர் வகுத்தது. 1967-ல் அங்கே கலர் ஒளிபரப்பு இந்த முறையில்தான் தொடங்கியது. கோடுகளும் 625, படமும் 25, டேப் வேகமும் பாலுக்கு உள்ளதே. கலரைச் சேர்க்கும் விதம் மட்டும் வேறு. எனவே ஃபிரான்ஸ் கேசட்டை நம் டெக்கில் போட்டால் படம் நன்றாக நிற்கும், குரலும் தெளிவாக வரும், ஆனால் கறுப்பு வெள்ளையாக வரும். "ஃபிரான்ஸ் கேசட்ல கலர் போயிடும்ப்பா, பழசு இல்லையா?" என்று நம் ஊரில் பல பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கலர் எங்கேயும் போகவில்லை. டேப்பிலேயே பத்திரமாக இருக்கிறது. படிக்கத் தெரிந்த டெக் இல்லை, அவ்வளவுதான்.

இதிலும் ஒரு உட்பிரிவு இருக்கிறது. ஃபிரான்சில் விற்ற வி.எச்.எஸ். டெக் செகாமின் கலர் அலையை நான்கால் வகுத்துப் பதிவு செய்தது. சவூதி போன்ற நாடுகளுக்கு வந்த டெக்கோ, பால் டெக் செய்கிற அதே வழியில் கலர் அலையை இறக்கிப் பதிவு செய்தது. அதற்கு மெசெகாம் என்று பெயர். இரண்டும் ஒத்துப்போகாது. பின்பக்கம் 'மல்டி சிஸ்டம்' என்று போட்டிருக்கிறதே என்று நம்பி வாங்கும் பல டெக்குகளில் இருப்பது மெசெகாம்தான். சவூதிக் கேசட் கலராகத் தெரியும். பாரீஸ் கேசட் அப்படியே கறுப்பு வெள்ளை. ஆகவே சொல்தா வீட்டுக் கேசட் உங்களிடம் இருந்தால் 'செகாம் – எல்' என்று போட்டிருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

கேசட்டின் லேபிளை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம். ஈ – 180 என்றிருந்தால் ஐரோப்பா, ஆசியாவில் வாங்கிய டேப். சுமார் 258 மீட்டர் நீளம், பால் அல்லது செகாமில் 3 மணி நேரம். டி – 120 என்றிருந்தால் அமெரிக்க வழக்கம். சுமார் 246 மீட்டர், அங்கே 2 மணி நேரம். ஆனால் வெற்று டேப் எல்லாம் ஒன்றுதான். ஈ – 180 டேப்பை அமெரிக்க டெக்கில் போட்டால் அதுவும் என்.டி.எஸ்.சி. பதிவாகத்தான் ஆகும், 129 நிமிடம் வரும். (258 மீட்டரை 33.35 மில்லிமீட்டரால் வகுத்துப் பாருங்கள்.) லேபிள் சொல்வது டேப் எங்கே வாங்கப்பட்டது என்பதை மட்டுமே.

இப்போது இரட்டைப் பெட்டிக்கு வருவோம். இணையத்தில் தேடினால் அதிகமாகக் கண்ணில் படுவது அமெரிக்கப் பெட்டிகள். விலை மலிவாகக்கூடத் தெரியும். உறவினர் யாராவது, "நான் வரும்போது கொண்டாறேன்" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். அவை 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் 230 வோல்ட்டை ஒரு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டுக் குறைத்து விடலாம், அது பெரிய விஷயமில்லை. ஆனால் டெக் பகுதி என்.டி.எஸ்.சி. மட்டுமே படிக்கும். உங்கள் வீட்டுக் கல்யாணக் கேசட்டை அது படிக்கவே படிக்காது. டிரான்ஸ்ஃபார்மரால் வோல்ட்டை மாற்றலாம், கோட்டு எண்ணிக்கையை மாற்ற முடியுமா?

ஐரோப்பியப் பெட்டி நமக்குப் பொருந்தும். 230 வோல்ட், பால். இங்கிலாந்துக்கென்று செய்ததில் பொதுவாக பால் மட்டும். ஃபிரான்சுக்கென்று செய்ததில் செகாமும் சேர்ந்திருக்கும். அமெரிக்கக் கேசட்டும் கையில் இருக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய டெக் பலவற்றில் 'என்.டி.எஸ்.சி. பிளேபேக்' என்று எழுதியிருக்கும். அது உண்மையான என்.டி.எஸ்.சி.யை வெளியே தருவதில்லை. 525 கோட்டுப் படத்துக்கு பால் கலரைப் பூசித் தருகிறது. டி.வி. அதைக் காட்டிவிடும். பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் டி.வி.டி. ரெக்கார்டர் பெரும்பாலும் அதை ஏற்றுக்கொள்ளாது. படம் தெரியும், பதிவாகாது. வாங்கிய பிறகு இது தெரிந்தால் எப்படி இருக்கும்!

டியூனர் இருக்கிறதா, எத்தனை சேனல் என்றெல்லாம் பழைய விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். அதைப் பார்க்கவே வேண்டாம். அந்த அனலாக் ஒளிபரப்பு ஃபிரான்சில் 2011 நவம்பரில் முடிந்தது. நம் கேபிளும் டிஜிட்டலாகி வருஷக் கணக்காகி விட்டது. அந்தப் பகுதி இன்று வெறும் பாரம்.

டெக்கின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்தால்தான் மற்றது விளங்கும். அரை அங்குல அகல டேப்பை டெக் வெளியே இழுத்து, 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு உருளையைச் சுற்றி அணைத்துப் பிடிக்கிறது. அந்த ஹெட் டிரம் பால் முறையில் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது. அதாவது விநாடிக்கு 25. ஒரு சுற்றுக்கு ஒரு படம். கணக்குப் போட்டால் ஹெட்டுக்கும் டேப்புக்கும் இடையே உள்ள வேகம் விநாடிக்குச் சுமார் 4.85 மீட்டர். அந்த ஓட்டத்தில் டேப் ஒரு மயிரிழை நெளிந்தாலும், இழுவிசை ஒரு துளி மாறினாலும், ஒவ்வொரு கோடும் வந்து சேரும் நேரம் முன்னே பின்னே ஆகும். படத்தின் மேல் ஓரம் கொடி மாதிரி வளைந்து ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள், அது இதனால்தான். பழைய படக்குழாய் டி.வி. இதையெல்லாம் பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொண்டது. டி.வி.டி. ரெக்கார்டர் டிஜிட்டல் கருவி, பொறுக்காது. நேரம் தவறினால் கட்டம் கட்டமாக உடைக்கும், அல்லது பதிவையே நிறுத்திவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. காரைக்கால்மேட்டிலிருந்து ஒரு அம்மா ஒரு கேசட் கொண்டு வந்தார். 1998-ல் நடந்த அவருடைய மூத்த மகள் கல்யாணம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அவர் தன் இளைய மகனை இழந்தவர். வீட்டிலிருந்த போட்டோ, ஆல்பம் எல்லாம் கடலோடு போய்விட்டது. இந்தக் கேசட் மட்டும் மகள் வாக்கப்பட்ட திருநள்ளாற்று வீட்டில் இருந்ததால் தப்பியது. "அதுல அவன் பந்தியில சாம்பார் வாளி தூக்கிட்டுப் போறான் தம்பி. திரும்பி ஏதோ சொல்லுறான். என்ன சொல்லுறான்னு எனக்கு மறந்து போச்சு" என்றார்.

இதற்கு முன்னால் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். அங்கே இருந்த டெக் டேப்பைச் சுருட்டி மென்று விட்டது. அவர்கள் கையால் நீவி உள்ளே தள்ளி, "இது தேறாதும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கசங்கிய இடம் ஆரம்பத்திலிருந்து 40 நிமிடம் தள்ளி, பந்திக்குச் சற்று முன்னால்.

இரவல் வாங்கிய ஒரு இரட்டைப் பெட்டியில்தான் முதலில் போட்டோம். சுத்தம் செய்த பெட்டி, டெக் பகுதி நன்றாகவே ஓடியது. 40 நிமிடம் பதிவானது. கசங்கிய இடம் வந்ததும் படம் சிதறியது. உடனே ரெக்கார்டர், 'இது நகல் எடுக்கத் தடை செய்யப்பட்ட கேசட்' என்று திரையில் எழுதிவிட்டு நின்றுவிட்டது. கல்யாணக் கேசட்டுக்கு எந்தக் கம்பெனி தடை போட்டது? சினிமாக் கேசட்டுகளில் மேக்ரோவிஷன் என்ற தடை உண்டு. படத்துக்கு வெளியே உள்ள கோடுகளில் வேண்டுமென்றே சில துடிப்புகளைச் செருகி ரெக்கார்டரைக் குழப்புகிற வித்தை அது. ரெக்கார்டர் அந்தத் துடிப்பைக் கண்டதும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. கசங்கிய டேப்பில் வரும் இரைச்சலையும் அது அந்தத் துடிப்பு என்றே எண்ணிக்கொள்கிறது. மறுபடி மறுபடி போட்டோம். அதே இடம், அதே எழுத்து.

டெக் தனியாக, ரெக்கார்டர் தனியாக இருந்தால் இதற்கு வழி உண்டு. இரண்டுக்கும் நடுவே, கோடுகளின் நேரத்தைச் சரி செய்யும் ஒரு கருவியை நுழைக்கலாம். டைம் பேஸ் கரெக்டர் என்று தொழில்முறைக் கருவியே இருக்கிறது, விலைதான் எட்டாது. ஏழைக்கேற்ற எள்ளுருண்டை ஒன்றும் உண்டு. பானசோனிக்கின் பழைய டி.எம்.ஆர். ஈ.எஸ். 10, ஈ.எஸ். 15 என்ற டி.வி.டி. ரெக்கார்டர்கள், பதிவு செய்யாமல் படத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டாலே போதும், ஆடுகிற கோடுகளை நேராக்கித் தரும். இந்த வேலை செய்கிறவர்கள் நடுவே அதைத்தான் வைக்கிறார்கள். இரட்டைப் பெட்டியில் டெக்கிலிருந்து ரெக்கார்டருக்குப் போகும் பாதை பெட்டிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. நடுவே எதையும் நுழைக்க இடமில்லை. எந்த வசதிக்காக அதை வாங்குகிறோமோ அதுவே அதன் குறை. (பின்பக்கம் டெக்கின் வீடியோ அவுட் தனியாக இருந்தால் அதிலிருந்து கேபிள் இழுத்து வேறு கருவிக்குக் கொண்டு போகலாம். சில பெட்டிகளில் எஸ் – வீடியோ போன்ற நல்ல முனைகளில் டிஸ்க் படம் மட்டும்தான் வரும், டெக் படம் வராது. பார்த்து வாங்குங்கள்.)

சீனியர் அண்ணன் ஒருவர் வீட்டில் ஈ.எஸ். 10 ஒன்று தூசி படிந்து கிடந்தது. அதன் டிஸ்க் பகுதி செத்துப் போயிருந்தது. எங்களுக்கு அது தேவையுமில்லை. தனி டெக், நடுவே அது, பிறகு கம்ப்யூட்டரில் யு.எஸ்.பி. கேப்சர். கசங்கிய இடத்தில் இரண்டு விநாடி சிதறி, படம் திரும்ப நின்றது. பந்தி வந்தது. பையன் வாளியோடு வருகிறான். பதினோரு விநாடி. திரும்பி கேமராக்காரரைப் பார்த்து, "அண்ணே, என்னைய எடுக்காதீங்க, இலையை எடுங்க" என்கிறான். அந்த அம்மா அதை ஆறு தடவை போடச் சொன்னார். ஏழாவது தடவை சிரித்தார்.

சரி, பாடத்துக்குத் திரும்புவோம். டிஸ்க்கில் எந்த வேகத்தில் பதிவது என்பதில் பல பேர் கோட்டை விடுகிறார்கள். ஒரு சாதாரண டி.வி.டி. 4.7 கிகா பைட். அதாவது 3760 கோடி பிட். ரெக்கார்டர்களில் எக்ஸ்.பி. என்றால் 1 மணி நேரம், எஸ்.பி. 2 மணி, எல்.பி. 4 மணி, ஈ.பி. 6 மணி என்பது பொதுவான ஏற்பாடு. மூன்று மணி நேரக் கல்யாணத்தை ஒரே டிஸ்க்கில் அடைக்கப் பார்த்தால் விநாடிக்குக் கிடைப்பது சுமார் 35 லட்சம் பிட். இரண்டு டிஸ்க்காகப் பிரித்து ஒன்றரை மணி வீதம் பதிந்தால் சுமார் 70 லட்சம் பிட். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். "வி.எச்.எஸ். படமே மங்கல்தானே, அதுக்கு எதுக்கு இவ்வளவு?" என்று என் நண்பன் வாதாடினான். கணக்கில் அவன் பக்கமும் நியாயம் உண்டு. வி.எச்.எஸ்.ஸின் வெளிச்ச அலைவரிசை சுமார் 3 மெகாஹெர்ட்ஸ். ஒரு கோட்டில் படம் தெரியும் நேரம் 52 மைக்ரோ விநாடி. மூன்றை ஐம்பத்திரண்டால் பெருக்கி இரட்டித்தால் 312 புள்ளி. டி.வி.டி.யில் ஒரு கோட்டுக்கு 720 புள்ளி. பாதிக்கு மேல் வீண்தான். ஆனால் டிஜிட்டல் சுருக்கத்துக்குப் பகை மங்கல் அல்ல, இரைச்சல். பழைய டேப்பின் பொரிப்பொரியான இரைச்சல் படத்துக்குப் படம் மாறிக்கொண்டே இருப்பதால் சுருக்கவே முடியாது. பிட் எல்லாம் அதற்கே செலவாகி, முகத்துக்கு மிச்சமில்லாமல் போகும். பழைய டேப்புக்குத்தான் அதிக பிட் வேண்டும் என்பது கேட்க வேடிக்கைதான், ஆனால் உண்மை.

பதிந்து முடித்ததும் 'ஃபைனலைஸ்' செய்யாமல் டிஸ்க்கை எடுக்காதீர்கள். செய்யாவிட்டால் அந்தப் பெட்டியைத் தவிர வேறெதிலும் ஓடாது. பெட்டி நாளைக்கே கெட்டுப்போனால் டிஸ்க்கும் ஊமை. டிஸ்க்கோடு நிறுத்தவும் வேண்டாம். எழுதும் டிஸ்க்கில் இருப்பது சாயப் படலம். வெயிலும் வெக்கையும் அதற்கு ஆகாது. கம்ப்யூட்டரில் போட்டு, 'வீடியோ டி.எஸ்.' என்ற ஃபோல்டரை முழுசாக ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்து, இன்னொரு காப்பியை வேறு வீட்டில் வையுங்கள். வேறு வீட்டில் என்று ஏன் சொல்கிறேன் என்பது நம் கடற்கரைக்காரர்களுக்குத் தெரியும்.

அடுத்தது பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊர்ச் சுவரே ஓதமெடுக்கிறது, கேசட் தப்புமா? கண்ணாடி ஜன்னல் வழியாகப் பாருங்கள். சுற்றிய டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடியோ திட்டோ தெரிந்தால் அதை நல்ல டெக்கில் போடவே கூடாது. ஹெட்டை அடைப்பதோடு அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். கேசட்டின் அடியில் ஐந்து ஸ்குரூ. கழற்றித் துடைத்து, நல்ல கேசட் கூட்டுக்கு டேப்பை மாற்றலாம். ஓட்டித் துடைப்பதற்கென்று உபயோகமற்ற ஒரு டெக்கை நேர்ந்துவிட்டது போல வைத்துக்கொள்வது நல்லது. எந்தக் கேசட்டையும் போடும் முன் அதன் முதுகில் உள்ள சிறிய பிளாஸ்டிக் காதை உடைத்துவிடுங்கள்; தவறிப்போய் மேலே பதிவாகாது. ஹெட்டைத் துடைக்கக் காது குடையும் பஞ்சுக் குச்சி கூடாது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த மான்தோல் துணியைப் படுக்கையாகப் பிடித்து, டிரம்மைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முனை முறியும்.

பெட்டி வாங்கப் போகும்போது சொந்தமாக ஒரு உதவாக்கரைக் கேசட் எடுத்துப் போங்கள், வீட்டுக் கேசட்டை அல்ல. போட்டு, ஓட்டி, வேகமாக முன்னும் பின்னும் சுற்றி, வெளியே எடுத்துப் பாருங்கள். டேப் ஓரம் மடங்கியிருந்தால் அங்கேயே வணக்கம் சொல்லிவிடலாம். படத்தின் அடியில் சில கோடுகள் சிதறினால் பயப்படாதீர்கள், ஹெட் மாறும் இடம், எல்லா டெக்கிலும் உண்டு. பத்து நிமிடம் ஒரு டிஸ்க்கில் பதிந்து, ஃபைனலைஸ் செய்து, வேறு பிளேயரில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இந்தப் பெட்டிகளில் முதலில் சாவது டிஸ்க் எழுதும் லேசர்தான் என்பது எங்கள் அனுபவம். அதற்கு உதிரி தேடி அலைய வேண்டியிருக்கும். மூடியைக் கழற்ற விடுவார்களானால் பிஞ்ச் ரோலரைப் பாருங்கள். மங்கின கறுப்பாக இருந்தால் நல்லது. கண்ணாடி போல் பளபளத்தால் ரப்பர் இறுகிவிட்டது, டேப்பை மெல்லும். நம் ஊரிலேயே கிடந்த பெட்டியானால் அடித்தகட்டில் உப்புத் துரு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

என் தீர்ப்பு கேட்டால்: வீட்டில் இருப்பது எல்லாம் பால் கேசட், டேப் சுத்தமாக இருக்கிறது, கம்ப்யூட்டர் பக்கம் போகாத பெரியவர் ஒருவர் பட்டனை அமுக்கி வேலையை முடிக்க விரும்புகிறார் என்றால், ஐரோப்பிய இரட்டைப் பெட்டி சோதித்துப் பார்த்து வாங்கலாம். கலப்படக் கேசட்டு, கசங்கிய கேசட்டு, பூஞ்சை பிடித்த கேசட்டு என்றால் தனி டெக், தனிப் பதிவு. நம் ஊரில் இரண்டாவது வகைதான் ஜாஸ்தி. ஆகவே எங்கள் குழு இரட்டைப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

ஃபிரெஞ்சு டெக் கிடைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் இருக்காது. 21 முனை கொண்ட ஸ்கார்ட் சாக்கெட் இருக்கும். ஃபிரான்சில் பெரிடெல் என்பார்கள். கடையில் கேபிள் கிடைக்காவிட்டால் நம் ஆய்வகத்திலேயே சால்டர் செய்து கொள்ளலாம்: 19-ம் முனை வீடியோ வெளியே, 17 அதன் எர்த், 3-ம் முனை இடது ஒலி, 1 வலது ஒலி, 4 ஒலிக்கான எர்த். 20-ம் முனையைத் தொடாதீர்கள், அது உள்ளே போகும் வீடியோ.

எங்களிடம் வந்த கேசட்டுகளில் ஆறு இன்னும் பாக்கி. ஆறும் ஒரே சொல்தா வீட்டுடையவை, 1991-லிருந்து 1996 வரை பாரீசிலிருந்து வந்தவை. கறுப்பு வெள்ளையில் ஒரு தடவை போட்டுக் காட்டினோம். அந்த வீட்டுப் பாட்டிக்கு அது போதவில்லை. "என் மருமவ கட்டியிருந்தது அரக்குப் புடவையா, பச்சையா?" என்று கேட்கிறார். செகாம் டெக் ஒன்று அடுத்த லீவுக்கு அவர்கள் வீட்டுப் பிள்ளை பெட்டியில் வருகிறது. ரிமோட்டையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறோம்; டிராக்கிங் பட்டன் பல டெக்குகளில் அதில் மட்டும்தான் இருக்கிறது.